காதும் காலும்

ஹெல்ஷா, லங்காஷயர்
8 அக்டோபர் 1911

அன்புள்ள ஃபீமி அக்காவுக்கு,

இங்கு நான் சுகம். ஆக்கன்லீயில் நீயும் அப்பாவும் ஆடமும் அதே சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டுக்காரம்மா திருமதி ஹோல்ட் வேளாவேளைக்குப் போடுகிறாள். மாட்டுக் குடலை வெங்காயத்தோடு வேகவைத்துத் தட்டில் கொட்டிவிட்டு, நான் விழுங்கும்வரை எதிரே நிற்பாள். ஏழு வருஷமாகத் தின்கிறேன், இன்னும் அதற்கு ருசி உண்டா இல்லையா என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கால்பந்துக் கிளப்பின் மேலாளர் திரு. ஹேவொர்த்துக்கு அடுத்த பருவத்துக்கு ஒரு ரைட் ஹாஃப், நடுவில் வலப்பக்கம் ஆடுகிறவன், வேண்டும். நான் ஆடுகிற அதே இடம்தான். எனக்கு முப்பது நெருங்குகிறது, பக்கத்தில் ஒரு இளையவன் இருக்கட்டும் என்கிறார். ஆடமைப் பற்றிச் சொன்னேன். போன கோடையில் நம் ஊர் அணிக்காக அவன் ஆடியதை வேலியோரம் நின்று பார்த்தேன். எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. எனக்கு அது வர எத்தனையோ காலம் பிடித்தது.

அவனை ஒரு சனிக்கிழமை அனுப்பு. வந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டட்டும். ரயிலுக்குக் கிளப் பொறுப்பு. அவனுக்கு இருபது வயதாகிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் போனால் நிலக்கரி அவனை விடாது. நான் தப்பி வந்தும் நெற்றியில் கரித்தூள் ஏறிய அந்த நீலத் தழும்பு அழியவில்லை. கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள், இவன் கெடாமலே சேரலாம்.

அப்பாவுக்கு என் வணக்கம். உடனே பதில் போடு.

தம்பி,
கேவின்

*

ஆக்கன்லீ, அயர்ஷயர்
22 அக்டோபர் 1911

அன்புத் தம்பி கேவினுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் மூவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். மழை நின்றபாடில்லை. துவைத்த சுரங்கத் துணிகள் அடுப்பைச் சுற்றித் தொங்குவதால் நான் குனிந்தே சமைக்கிறேன்.

ஆடமுக்குச் சளி. இந்த நிலையில் ரயிலில் அனுப்புவது சரியில்லை. தவிர, சுரங்கத்தில் தனி ஆள் கிடையாது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் வெட்ட வேண்டும், ஒருவன் அள்ள வேண்டும். அப்பாவுக்கு இப்போது ஜோடி ஆடம்தான். அவன் கிளம்பிவிட்டால் அப்பா யாரோடு இறங்குவார்?

சனிக்கிழமை மாலைப் பேப்பரில் உங்கள் அணியைப் போட்டிருந்தார்கள். உன் பெயர் இல்லை. அதற்கு முந்தின வாரமும் இல்லை. "அச்சுக் கோக்கிறவன் குடிச்சிருப்பான்" என்று ஆடம் சொன்னான். அப்படித்தானே? உன் கால் எப்படி இருக்கிறது?

குடலை மென்று தின்னு, விழுங்காதே.

அக்கா,
ஃபீமி

*

ஹெல்ஷா
12 நவம்பர் 1911

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

சளி என்றாய். மூன்று வாரமாகிறது. எங்கள் ஊர்ச் சளி மூன்று நாளில் போய்விடும். ஜோடி என்றாய். ஜோடிக்கு ஆள் கிடைக்காத ஊரா ஆக்கன்லீ? கூட்டுறவுக் கடை வாசலில் வேலை கேட்டு நிற்கிறவர்களில் ஒருவனைக் கூப்பிட்டால் ஓடி வருவான். அப்பா முப்பத்தைந்து வருஷமாக வெட்டுகிறார், அவரோடு இறங்க யாருக்குக் கசக்கும்?

ஹேவொர்த் வாராவாரம் கேட்கிறார். "எங்கய்யா உன் தம்பி? நடந்தா வர்றான்?" என்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

அப்பாதான் தடுக்கிறாரா? அப்படியானால் ஒளிக்காமல் சொல். நானே அவருக்கு எழுதுகிறேன். என்னை விட்டவர் அவனை ஏன் விட மாட்டார் என்று கேட்கிறேன்.

கேவின்

*

ஆக்கன்லீ
3 டிசம்பர் 1911

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன். கால் எப்படி என்று போன தடவை கேட்டிருந்தேன்.

அப்பாவுக்கு எழுத வேண்டாம். நான் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குழம்பைக் கிண்டிக்கொண்டே, "ஆடமை கேவின் கூப்பிடறான்ப்பா. போகட்டுமா?" என்றேன். "ஆமா, ஆமா, இன்னும் ரெண்டு நாளைக்கு மழைதான்" என்றார். ஆடம் என்னைப் பார்த்தான். நான் குழம்பைப் பார்த்தேன். அப்பா ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

ஆக, பதில் இதுதான். இப்போதைக்கு விட்டுவிடு கேவின்.

உனக்கு ஒரு கழுத்துத்துணி பின்னி அனுப்பியிருக்கிறேன். பழுப்பு நிறம், அழுக்குத் தெரியாது.

அக்கா,
ஃபீமி

*

ஹெல்ஷா
27 டிசம்பர் 1911

அன்புள்ள அக்கா,

கழுத்துத்துணி வந்தது. நலமாக இருக்கிறேன், கழுத்து மட்டுமாவது. நீங்கள் எல்லோரும் எப்படி?

இந்த ஊரில் கிறிஸ்துமஸ் அன்று ஆட்டம் வைக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. அப்பாவும் ஆடமும் அன்று சுரங்கத்தில் இருந்திருப்பார்கள், ஸ்காட்லாந்துக்காரர்களான நமக்குப் புத்தாண்டுதானே பண்டிகை. திடல் நிறைந்து வழிந்தது. இந்தமுறை எனக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள். நல்ல கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைக் காட்டி, நம் குடும்பப் பெயரைச் சொல்லி, தன் பையனிடம், "இவருதான் முன்னாடி ஹாடோ" என்றார். முன்னாடி ஹாடோ. இப்போது யார் என்று அவர் சொல்லவில்லை, பையனும் கேட்கவில்லை.

நம் அப்பா மழை என்று சொன்னது பதிலாகாது. வசந்த காலத்தில் கிளப் முடிவு எடுத்துவிடும், அதற்குள் ஆடம் வந்தாக வேண்டும். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை அக்கா. இதைக் கேட்கிறேன்.

புத்தாண்டில் முதலில் வீட்டுக்குள் கால் வைக்கிறவன் கறுத்த முடிக்காரனாக இருக்கட்டும், அதுதானே நமக்கு நல்ல சகுனம்.

கேவின்

*

ஆக்கன்லீ
25 பிப்ரவரி 1912

தம்பி கேவினுக்கு,

இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்பு எல்லோருக்கும் ஒருவாறு இருக்கிறது. இல்லை, இன்று அப்படி எழுதி மூடப்போவதில்லை.

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. வெடி வைத்து வைத்து இரண்டு வருஷமாகக் குறைந்துகொண்டே வந்தது. இந்தக் குளிர்காலத்தில் சுத்தமாக அடைத்துவிட்டது. இப்போது அவர் பின்னால் நான் சட்டியைப் போட்டு உடைத்தாலும் திரும்ப மாட்டார்.

சுரங்கத்தின் கூரை விழுமுன் பேசும் என்று உனக்குத் தெரியும். அது பேசும்போது கேட்டவன் பிழைப்பான். அப்பாவுக்குப் பதிலாக ஆடம் கேட்கிறான். கேட்டால் முதுகில் இரண்டு தட்டு. அப்பா எதுவும் கேட்காமல் வெளியே ஊர்ந்துவிடுவார். இப்படித்தான் இரண்டு வருஷம் ஓடியிருக்கிறது. வேறு ஜோடி வந்தால் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மேஸ்திரி காதுக்குப் போனால் அப்பாவை மேலே அனுப்பிவிடுவான், கல் பொறுக்கும் மேடைக்கு. நம் அப்பாவை அங்கே, பெண்கள் வரிசையில், நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டு நிற்பவராக உன்னால் நினைக்க முடிகிறதா? என்னால் முடியவில்லை.

இதை நாங்கள் அவரிடம் பேசியதே இல்லை. அவரும் சொன்னதில்லை. கேட்டதுபோல் அவர் தலையாட்டுகிறார், கேட்டுவிட்டார் என்பதுபோல் நாங்கள் நகர்ந்துவிடுகிறோம். ஆடமுக்குப் போக ஆசை உண்டா என்று நீ கேட்கவில்லை. உண்டு. உன் கடிதம் வரும் நாட்களில் அவன் சாப்பிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை முதல் நாடு முழுக்க வேலைநிறுத்தம் என்று முடிவாகியிருக்கிறது. ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டு இறங்காது. கூண்டு இறங்காதவரை அப்பாவுக்குக் காது தேவையில்லை. அதனால் ஆடமை அனுப்புகிறேன். வேலை தொடங்கும் நாளில் அவன் இங்கே நிற்க வேண்டும். அதை மட்டும் மறக்காதே.

அக்கா,
ஃபீமி

*

ஹெல்ஷா
17 மார்ச் 1912

அன்புள்ள ஃபீமி அக்காவுக்கு,

ஆடம் எழுதுகிறேன். கை, கால், மூக்கு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. வேலைநிறுத்தத்தில் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரியவில்லை, நான் இங்கே குடல் சாப்பிடுகிறேன். நன்றாகவே இருக்கிறது. இரண்டாம் தட்டு கேட்டேன். திருமதி ஹோல்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏழு வருசத்துல ஒரு ஸ்காட்லாந்துக்காரன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இதான் முதல் தடவ" என்றாள்.

இரண்டாம் அணியில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டேன். ஹேவொர்த் இரண்டாம் ஆட்டம் முடிந்து ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு" என்றார். "அப்பாவக் கேக்கணும்" என்றேன். "உங்கப்பா பந்தாடுவாரா?" என்றார்.

இப்போது அண்ணனைப் பற்றி. அவர் உனக்கு எழுதியிருக்க மாட்டார். அக்டோபரிலிருந்து அவர் ஆடியது நாலைந்து ஆட்டம்தான், ஜனவரிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. முழங்காலுக்குள் ஏதோ நழுவிப் பூட்டிக்கொள்கிறது. பயிற்சியாளர் காலைப் பிடித்து உதறினால் விடுபடும், இல்லாவிட்டால் அப்படியே கிடக்க வேண்டியதுதான். படி இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறார். "வலிக்குதா அண்ணே?" என்று கேட்டேன். "வலிச்சா நல்லாருக்கும்டா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இன்னொன்று. உடை மாற்றும் அறையில் கோல் காக்கிறவன் என்னிடம் சொன்னான். "உங்கண்ணன் பொழச்சான் தம்பி. உன்னக் கொண்டாந்து விட்டா அவன இன்னொரு வருசம் வெச்சிக்கிறேன்னு ஹேவொர்த் வாக்கு குடுத்திருக்காரு." நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்து வெளியே போய் ஆடினேன். நன்றாகவே ஆடினேன். எனக்குத் தெரியும் என்று அண்ணனிடம் சொல்லிவிடாதே. முங்குகிறவன் கையில் கிடைத்ததைப் பிடிக்கிறான், அது தம்பியாக இருந்துவிட்டது.

எனக்கு இங்கேயே இருக்க வேண்டும்போல் இருக்கிறது அக்கா. இதை உன்னிடம் சொல்லாவிட்டால் யாரிடம் சொல்வேன்? காலையில் எழுந்து வெளிச்சத்துக்குள் வேலைக்குப் போகிறேன். அப்பாவை நினைத்தால் அந்த வெளிச்சம் கூசுகிறது. கூண்டு எப்போது இறங்கும் என்று எழுது, வந்துவிடுகிறேன்.

உன் தம்பி,
ஆடம்

*

ஆக்கன்லீ
8 ஏப்ரல் 1912

கேவின்,

நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தமுறை கேட்கவில்லை. கேட்டால் சுகம் என்பாய்.

வியாழக்கிழமை கூண்டு இறங்குகிறது. இன்று மேஸ்திரி வாசலுக்கே வந்து, "ஜோடி வந்தாச்சா ஹாடோ?" என்று கேட்டான். "ஆமா, இன்னும் குளிரு விடல" என்றார் அப்பா. மேஸ்திரி சிரித்துவிட்டுப் போனான். அடுத்த தடவை சிரிக்க மாட்டான்.

ஆடமை அனுப்பிவிடு.

ஃபீமி

*

ஹெல்ஷா
9 ஏப்ரல் 1912

அன்புள்ள அக்கா,

ஆடம் வரவில்லை. இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டான். மாட்டேன் என்று அழுதான், நான்தான் பேனாவைக் கையில் கொடுத்தேன்.

அப்பாவுக்கு ஜோடியாக நான் வருகிறேன். கேட்பதற்கு முழங்கால் வேண்டாம். ஹேவொர்த்திடம் விடுப்புக் கேட்டேன். எத்தனை நாள் என்றுகூட அவர் கேட்கவில்லை, எழுந்து நின்று கைகுலுக்கினார். இனி எனக்கு இங்கே இடமில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

நாளை மாலை வண்டியில் வருவேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம்.

கேவின்

*

ஆக்கன்லீ
21 ஏப்ரல் 1912

அன்புத் தம்பி ஆடமுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடு. இங்கே அடுப்பு எரிகிறது, கூண்டு இறங்குகிறது, குறை ஒன்றும் இல்லை.

உன் அண்ணன் வந்ததை எழுதச் சொன்னாய். அப்பா சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நிலையத்திலிருந்து கேவின் நடந்து வருவதைத் தெரு முனையிலிருந்தே பார்த்துவிட்டார். வாசல்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நொண்டுறான்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். நீ அங்கேயே தங்கிவிட்டாய் என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். தலையாட்டிவிட்டு அந்தத் தாளை அடுப்பில் போட்டார்.

கேவினுக்கு உன் சுரங்கத் துணியைக் கொடுத்தேன். தோளுக்குச் சரியாக இருக்கிறது, முழங்காலில்தான் இறுக்கம். பிரித்துத் தைத்தேன். முதல் நாள் கூண்டுக்குப் போகும் வழியில் ஆட்கள் ஓரமாக நின்று பார்த்தார்கள். "ஹெல்ஷாவுல உன்ன வித்தாங்களா, இல்ல சும்மா குடுத்தாங்களா?" என்று ஒருவன் கேட்டானாம். "தள்ளுபடியில போட்டாங்க" என்று கேவின் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இதை எனக்குச் சொன்னான். சொல்லும்போது அவன் முகம் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சாப்பிடுகிறான், தூங்குகிறான், இறங்குகிறான். உன்னைப் பற்றிக் கேட்டால் நல்லதாகவே சொல்கிறான்.

அக்கா,
ஃபீமி

*

ஹெல்ஷா
5 மே 1912

அன்புள்ள அண்ணா,

நான் நலமாக இருக்கிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. நீங்களும் அப்பாவும் அக்காவும் நலமா?

கிளப்பின் பட்டியல் வந்துவிட்டது. உங்கள் பெயரை விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு விலையும் போட்டிருக்கிறார்கள், அந்த விலைக்கு உங்களை எவனும் வாங்க மாட்டான் என்று தெரிந்தே. யாராவது வாங்கும்வரை நீங்கள் ஸ்காட்லாந்துக் கிளப்பிலும் ஆட முடியாது. சம்பளமும் கிடையாது. நான் ஹேவொர்த்திடம் போனேன். "அண்ணனுக்கு வாக்கு குடுத்தீங்களே" என்றேன். "முழங்கால் இருக்கிறவனுக்குக் குடுத்த வாக்குப்பா அது" என்றார்.

ஆம் அண்ணா, அந்த வாக்கு எனக்கு மார்ச் மாதமே தெரியும். அதை வைத்து உங்களை நான் எதுவும் நினைக்கவில்லை. எனக்காகவும்தான் கூப்பிட்டீர்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

பருவக் கடைசியில் தரும நிதிக்காக நடந்த ஒரு கோப்பை ஆட்டத்தில் என்னை முதல் அணியில் இறக்கினார்கள். உங்கள் சட்டையைத்தான் கொடுத்தார்கள். கழுத்தருகே திருமதி ஹோல்ட் தைத்த தையல் அப்படியே இருந்தது. ஜெயித்தோம்.

எல்லோரும் கோடைக்கு ஊருக்குப் போகிறார்கள். நான் இங்கேயே திடலில் புல் விதைக்கவும் வேலிக்குச் சாயம் பூசவும் நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வர முகமில்லை. நான் வந்தால் அப்பாவோடு இறங்கிவிடுவேன், இறங்கினால் திரும்ப மாட்டேன் என்று பயமாக இருக்கிறது.

என்மேல் கோபமா அண்ணா? ஒரு வரி எழுதுங்கள், திட்டியாவது.

தம்பி,
ஆடம்

*

ஆக்கன்லீ
25 ஆகஸ்டு 1912

தம்பி ஆடமுக்கு,

நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

கோடை முழுக்க உனக்கு நான் எழுதவில்லை. கோபமா என்று கேட்டிருந்தாய். உள்ளே தேடிப் பார்த்தேன், இல்லை. வருத்தமாவது இருக்க வேண்டும், அதுவும் அகப்படவில்லை. ஒன்றும் இல்லாததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஹேவொர்த் கொடுத்த வாக்கு விஷயத்தில் நீ சொன்னதெல்லாம் சரி. அதற்குமேல் அதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் வெட்டும் இடத்தில் கூரை இடுப்பு உயரம்கூட இல்லை. அப்பா ஒருக்களித்துப் படுத்து வெட்டுவார். நான் பின்னால் காலை நீட்டி உட்கார்ந்து அள்ளிப் போட்டுக்கொண்டே மேலே காதை வைத்திருப்பேன். நான் இறங்கிய நாளிலிருந்து கூரை வாய் திறக்கவில்லை. செவ்வாயன்று திறந்தது. பழைய துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போலிருந்தது. அப்பாவின் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன். அந்த வயதிலும் கண் மூடித் திறப்பதற்குள் என்னைத் தாண்டி வெளியே போய்விட்டார். நானும் திரும்பினேன். முழங்கால் மடிந்த நிலையில் பூட்டிக்கொண்டது. கையை ஊன்றி இழுத்தேன், வரவில்லை. பயம்கூட இல்லை ஆடம். சரி, இப்படித்தான் போல என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அப்பா திரும்பிப் பார்த்திருக்கிறார். மறுபடி உள்ளே ஊர்ந்து வந்து என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்து விழுந்து மூச்சு வாங்கும்போது கூரை இறங்கியது. நம் சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு கல், அதன்மேல் இன்னும் கொஞ்சம்.

தூசி அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். அப்பா விளக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"ஆடமா இருந்தா எனக்கு முன்னாடி வெளிய நின்னிருப்பான்."

"ஆமாப்பா" என்றேன்.

"எனக்குக் காதா வந்த, சரி. உனக்குக் காலு யாரு?"

நான் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டேன். அவரே பேசினார். "எனக்குக் கேக்கலன்னு உங்க மூணு பேருக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும்டா. முதுகுல தட்டுறப்பல்லாம் நான் என்ன, ஈ ஓட்டுறான்னா நெனச்சேன்?"

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல?"

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "நீங்க ஏன் கேக்கல? ஒருத்தராவது என் மொகத்தப் பாத்து, மேல போயிடுங்கப்பா, ஆடம் போகட்டும்னு சொல்லியிருந்தா அன்னைக்கே போயிருப்பேன். நீங்க மறைச்சீங்க. சரி, பையனுக்குப் போக மனசில்ல போலன்னு நானும் இருந்துட்டேன். அப்புறம் நீ வந்த. உனக்குப் போக வேற எடமில்லன்னு நடையப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அப்பாவுக்காக வந்தேன்னு நீ சொல்லிக்க ஒரு சாக்காவது இருக்கட்டும்னு கூட இறங்கினேன்."

மறுநாள் காலை அவரே மேஸ்திரியிடம் போய்ச் சொல்லிவிட்டார். இப்போது கல் பொறுக்கும் மேடையில் நிற்கிறார். பெண்கள் "வாங்க மாப்பிள்ள" என்று கேலி செய்கிறார்களாம். காதில் விழாவிட்டாலும் அவரும் சிரிக்கிறாராம். அக்கா முதல் நாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அவர் அழவில்லை, பசிக்கிறது என்றார்.

நாம் மூன்று பேரும் எதைக் காப்பாற்ற இத்தனையும் செய்தோமோ, அதை அவர் ஒரு பொருட்டாகவே வைத்திருக்கவில்லை.

நாளை எனக்குப் புது ஜோடி. லித்துவேனியாவிலிருந்து வந்தவன். நம் பேச்சு அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. நேற்று அவனைப் பார்த்தபோது கூரையைக் காட்டினேன், என் காதைக் காட்டினேன், பிறகு முழங்காலைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தான். என் சட்டைக் கழுத்தைப் பிடித்து ஒருமுறை இழுத்துக் காட்டினான். சரி என்று தலையாட்டினேன்.

உனக்குப் பருவம் தொடங்கப்போகிறது. நன்றாக ஆடு. ஊருக்கு வர முகமில்லை என்றெல்லாம் இனி எழுதாதே.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உன்னிடம் ஒன்று கேட்கச் சொல்கிறார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? சுகம் என்று எழுதினால் நம்ப மாட்டாராம். உள்ளதை எழுதச் சொல்கிறார்.

அண்ணன்,
கேவின்